கல்லைத் திருடினார்கள், கட்டியவன் பெயரையும் திருடலாமா?

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு இருக்கிறது. அந்த நாட்டில் குஸ்கோ என்று ஒரு நகரம். கடல் மட்டத்திலிருந்து 11 ஆயிரம் அடிக்கு மேலே இருக்கிறது அந்த நகரம். நகரத்துக்கு மேலே இன்னொரு குன்று. குன்றின் தலையிலே ஒரு கோட்டை. அதன் பெயர் சக்சைவாமன்.

கோட்டை என்றால் இன்று முழுக் கோட்டை இல்லை. இடிபட்டது போக மிஞ்சியதுதான். அந்த மிச்சத்தைப் பார்க்கத்தான் உலகத்தின் நாலா மூலைகளிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள்.

"யார் கட்டியது?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பலர் சொல்லும் பதில் இருக்கிறதே, அது பெரிய அநியாயம்!

மூச்சு வாங்கும் மலை

ஊரிலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். குறுகலான சந்துகள். செங்குத்தான கல் படிகள். தூரம் அதிகம் இல்லை. ஆனால் காற்று மெலிந்த இடம் அது. கீழ்நாட்டிலிருந்து போகிறவருக்குப் பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். தலை வலிக்கும். சிலருக்கு வாந்தியும் வரும்.

உள்ளூர்க்காரர்கள் கோக்கா இலையை வெந்நீரில் போட்டுக் கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டு, நின்று நின்று ஏற வேண்டும். பருத்த வாலிபர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு தவிக்கும்போது, முதுகில் மூட்டையோடு உள்ளூர்க் கிழவி ஒருத்தி விறுவிறு என்று முந்திக்கொண்டு போவாள். கம்பளித் தொப்பியும் கையுறையும் விற்கப் போகிறாள் அவள்.

மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், கஷ்டமெல்லாம் மறந்து போகும். கீழே குஸ்கோ நகரம் முழுவதும் தெரிகிறது. செக்கச் செவேல் என்று ஓட்டு வீடுகள். நடுவிலே பெரிய சதுக்கம். சதுக்கத்தின் ஓரத்தில் மாதா கோயில் கோபுரங்கள். சுற்றிலும் பழுப்பு நிற மலைகள். பக்கத்துக் குன்றில் கைகளை விரித்துக்கொண்டு ஒரு வெள்ளை ஏசுநாதர் சிலை நிற்கிறது. பாலஸ்தீனத்திலிருந்து வந்து குஸ்கோவில் அடைக்கலம் புகுந்த அராபியக் கிறிஸ்தவர்கள், நன்றிக்கு அடையாளமாக 1945-ல் கொடுத்த சிலை அது.

உல்லாசப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள். இன்னொரு போட்டோ எடுக்கிறார்கள். பஸ் புறப்படும் நேரம் வந்துவிடுகிறது. இறங்கிப் போய்விடுகிறார்கள்.

பார்க்க வேண்டியது அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

வாள் பல் போன்ற சுவர்

மூன்று அடுக்குச் சுவர்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குன்றின் சரிவில் நிற்கின்றன. நேராக இல்லை. ரம்பத்தின் பல்லைப் போல முன்னும் பின்னும் மடிந்து மடிந்து போகின்றன. நீளம் சுமார் 1,300 அடி. எதிரி எந்தப் பல்லின் இடுக்கில் நுழைந்தாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும்!

கற்களின் அளவைப் பார்த்தால் மயக்கம் வரும். மூன்று ஆள் உயரக் கற்கள் இருக்கின்றன. 100 டன்னுக்கு மேல் எடை உள்ள கற்கள் இருக்கின்றன. ஒரு லாரியில் 10 டன் ஏற்றலாம் என்றால், ஒரே கல்லுக்குப் பத்து லாரி வேண்டும்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை, களிமண்ணும் இல்லை. ஒரு கல்லின் வளைவுக்கு ஏற்றபடி அடுத்த கல்லைச் செதுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லைப் போல் இன்னொரு கல் கிடையாது. கத்தி முனையை நுழைத்துக் காட்டுவது வழிகாட்டிகளின் வழக்கமான வேடிக்கை. நுழையாது.

பூகம்பம் அடிக்கடி வரும் பூமி அது. 1650-ல் பெரிய பூகம்பம் வந்தது. 1950-ல் இன்னொன்று. ஸ்பானியர் கட்டிய மாதா கோயில்களும் வீடுகளும் நொறுங்கின. 1950 பூகம்பத்தில் கீழே ஊருக்குள் இருந்த சாந்தோ தொமிங்கோ மடம் இடிந்து விழுந்தது. அதற்குள் மறைந்து கிடந்த பழைய சூரியன் கோயிலின் சுவர்கள் அசையாமல் நின்றன! பழைய சுவர்கள் கீழே அகலமாகவும் மேலே சற்று உள்வாங்கியும் எழும்பியவை. காரை இல்லாத கற்கள் ஆட்டத்தில் கொஞ்சம் அசைந்து, பிறகு பழைய இடத்திலேயே அமர்ந்து கொள்கின்றன.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, சில வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி போடுகிறார்கள்.

"இரும்பு உளி இல்லாத காலம். வண்டிச் சக்கரம் இல்லாத காலம். மாடும் குதிரையும் இல்லாத தேசம். லாமா என்ற மிருகம் இருந்தது. அதுவோ 30 கிலோவுக்கு மேல் சுமந்தால் படுத்துக்கொள்ளும். இதை மனிதன் கட்டியிருக்க முடியுமா?"

கேட்டவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். "ராட்சசர்கள் கட்டியிருப்பார்களோ?" என்கிறார் ஒருவர். "வேற்று உலகத்திலிருந்து பறக்கும் தட்டில் வந்தவர்கள்தான்" என்கிறார் இன்னொருவர். வழிகாட்டி சிரித்துக்கொள்கிறார். இல்லை என்று சொல்வதில்லை.

பிசாசு போய்ப் பறக்கும் தட்டு வந்தது

இந்தப் பேச்சு புதிது என்று நினைக்க வேண்டாம். நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய பேச்சு.

கார்சிலாசோ தெ லா வேகா என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 1539-ல் குஸ்கோவில் பிறந்தவர். தகப்பனார் ஸ்பானியப் படைத் தலைவர். தாயார் இன்கா அரச குலத்துப் பெண். சிறு வயதில் இந்தக் கோட்டை இடிபாடுகளில் ஏறி விளையாடியவர். கோட்டைக்கு அடியில் சுரங்க வழிகள் இருந்தன. பிள்ளைகள் சூரிய வெளிச்சம் விழும் இடம் வரைக்கும்தான் போவார்களாம். அதற்கு மேலே போகப் பயம்! 1560-ல் ஸ்பெயினுக்குப் போனார். திரும்பி வரவே இல்லை. வயதான காலத்தில், 1609-ல், தாய்நாட்டின் கதையைப் புத்தகமாக வெளியிட்டார்.

இந்தக் கோட்டையைப் பார்த்தால் மனிதர் கட்டியது என்று தோன்றாது, மாய மந்திரத்தால் பிசாசுகள் கட்டியது என்றே நினைக்கத் தோன்றும் என்று அவர் அதில் எழுதினார். அவர் வியப்பினால் எழுதினார். கட்டியவர்களை நேரில் அறிந்த வம்சம் அவருடையது. ஆனால் மற்றவர்கள் அதையே மெய்யாக்கினார்கள். இரும்பு இல்லாத "காட்டு ஜனங்கள்" இதை எப்படிக் கட்டுவார்கள்? பிசாசுதான் கட்டியிருக்க வேண்டும்!

பிறகு பிசாசை நம்புவது குறைந்தது. 1968-ல் சுவிட்சர்லாந்துக்காரரான எரிக் வான் டேனிகன் ஒரு புத்தகம் எழுதினார். பழங்கால அதிசயங்களுக்கெல்லாம் வானத்திலிருந்து வந்தவர்களைக் காரணம் காட்டியது அந்தப் புத்தகம். உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்றது. அதில் சக்சைவாமனும் உண்டு. பிசாசு உட்கார்ந்திருந்த நாற்காலியில் பறக்கும் தட்டு வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் என்ன தப்பு, ஆச்சரியத்தால் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று சிலர் சமாதானம் சொல்லலாம்.

தப்பு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள, இந்தக் கோட்டை எப்படி இடிந்தது என்று பார்க்க வேண்டும்.

கோட்டையை இடித்தது யார்?

பூகம்பம் இடிக்கவில்லை. மழையும் வெயிலும் இடிக்கவில்லை. மனிதர் கைகள்தான் இடித்தன.

1533-ல் பிசாரோவின் தலைமையில் ஸ்பானியர் குஸ்கோவுக்குள் நுழைந்தனர். மாங்கோ என்ற இன்கா இளவரசனைப் பெயருக்கு ராஜாவாக்கினர். பிறகு அவனைச் சிறையில் அடைத்து அவமானப்படுத்தினர். அவன் தப்பிப் போனான். 1536-ல் பெரும் படையோடு திரும்பி வந்து குஸ்கோவை முற்றுகை போட்டான். சக்சைவாமன் கோட்டை அவன் ஆட்கள் கையில் விழுந்தது. ஓடுகளுக்குப் பதில் அன்று ஊரில் புல் கூரைகள். நெருப்பில் காய்ச்சிய கற்களைக் கவணில் வைத்து எறிந்தனர். ஊர் பற்றி எரிந்தது.

கோட்டையைத் திரும்பப் பிடிக்க ஸ்பானியர் வந்தனர். பிசாரோவின் தம்பி ஜுவான் தலையில் கல்லடி பட்டுச் சில நாட்களில் இறந்தான். கடைசியில் கோட்டை விழுந்தது. கோபுரத்தைக் காத்து நின்ற இன்கா வீரன் ஒருவன், இனி வழியில்லை என்று கண்டதும், பிடிபட மனமில்லாமல் உச்சியிலிருந்து குதித்து உயிர் விட்டான். எதிரியாக நின்று போரிட்ட ஸ்பானியரே அவன் வீரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். பெரு நாட்டுப் பிள்ளைகள் அவனைக் 'காவிதே' என்ற பெயரில் அறிவார்கள்.

போர் முடிந்த பிறகு கோட்டையெங்கும் பிணங்கள். கான்டோர் என்னும் பெரிய கழுகுகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. 1540-ல் ஸ்பெயின் மன்னர் குஸ்கோ நகரத்துக்குக் கொடுத்த சின்னத்தில் ஒரு கோட்டையும், அதைச் சுற்றி எட்டுக் கான்டோர்களும் இருக்கின்றன. செத்தவர்களைத் தின்ன வந்த கழுகுகள் நகரத்தின் கௌரவச் சின்னம் ஆயின! 'சக்சைவாமன்' என்ற பெயருக்கே 'வயிறு நிறைந்த பருந்து' என்று பொருள் சொல்வார்கள்.

அதற்குப் பிறகுதான் கல் திருட்டு.

வென்றவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. மாதா கோயில் வேண்டியிருந்தது. மலையை உடைத்துப் புதிதாகக் கல் எடுக்கச் செலவாகும். தலைக்கு மேலே குன்றிலோ, அழகாகச் செதுக்கிய கற்கள் லட்சக்கணக்கில் தயாராக இருக்கின்றன. உருட்டி விட வேண்டியதுதான் வேலை! தூக்க முடிந்த கல்லையெல்லாம் கொண்டு போனார்கள். மூன்று கோபுரங்கள் இருந்தன, மூன்றும் மறைந்தன. குஸ்கோவில் இந்தக் கல் போகாத வீடே இல்லை என்று கார்சிலாசோ வருந்தி எழுதினார். சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கிறதே அந்தப் பெரிய மாதா கோயில், 1560-ஐ ஒட்டித் தொடங்கி 1654-ல் முடித்த கோயில், அதற்கும் இங்கிருந்துதான் கல் போயிற்று.

தூக்க முடியாத கற்கள் மட்டும் தப்பித்தன. இன்று பயணிகள் பார்த்து மலைப்பது அவற்றைத்தான்.

அந்தக் காலத்திலேயே ஒரு ஸ்பானியர் இதைக் கண்டு மனம் நொந்தார். பெயர் பெத்ரோ சியெசா தெ லெயோன். படைவீரராக வந்து, நாட்டையெல்லாம் சுற்றிப் பார்த்து எழுதியவர். 1550-ல் குஸ்கோவுக்கு வந்தார். இப்படிப் பாழாக்க விட்டது ஆண்டவர்களின் குற்றம் என்றார். மிச்சம் உள்ளதையாவது இந்த நாட்டின் பெருமைக்கு அடையாளமாகக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதினார். யார் கேட்டார்கள்? சிறு கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் கல் எடுத்துக் கொள்ளலாம் என்ற நிலை 1930-களின் தொடக்கம் வரையில் நீடித்தது. 1934-ல்தான் லூயிஸ் வால்கார்சல் என்ற அறிஞர் இங்கே அகழ்ந்து, மூன்று கோபுரங்களின் அடித்தளங்களை வெளியே கொண்டு வந்தார்.

இப்போது அந்தச் சமாதானத்துக்கு வருவோம்.

மாதா கோயிலைப் பார்க்கிற பயணி யாராவது, "இதை வேற்று உலகத்தார் கட்டினார்களா?" என்று கேட்கிறாரா? கேட்பதில்லை. இன்ன ஆண்டில் தொடங்கியது, இன்ன ஆண்டில் முடிந்தது என்று வழிகாட்டி சொல்கிறார். தலையை ஆட்டிக் கேட்டுக் கொள்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பதும் இதே கல்தான். மேலே இருந்தபோது அதை வைத்தது வேற்றுலகத்தான். உருட்டிக் கீழே கொண்டு வந்த பிறகு வைத்தது மனிதன்! இது என்ன நியாயம்?

ஆச்சரியம் அல்ல காரணம். "இந்த ஜனங்களுக்கு இவ்வளவு புத்தி இருந்திருக்காது" என்ற எண்ணம்தான் காரணம். வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுப் பறக்கும் தட்டைச் சொல்கிறார்கள்.

20 ஆயிரம் பேர் கணக்கு

கட்டியவர்கள் யார் என்பது மர்மம் அல்ல. எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. இன்கா அதிகாரிகள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தவர்கள், எழுத்து கிடையாது. அந்த முடிச்சுக்களைப் படிக்கத் தெரிந்தவர்களும், கோட்டையைப் பற்றிக் கேட்டறிந்த முதியவர்களும் உயிரோடு இருந்த காலத்தில் விசாரித்து எழுதியவர் அதே சியெசா.

20 ஆயிரம் பேர் மாகாணங்களிலிருந்து வந்தார்கள் என்கிறார் அவர். 4 ஆயிரம் பேர் பாறையை உடைத்துக் கல் எடுத்தார்கள். 6 ஆயிரம் பேர் தோலிலும் நாரிலும் முறுக்கிய பெரிய வடங்களால் கல்லை இழுத்தார்கள். மற்றவர்கள் அடித்தளம் தோண்டினார்கள், மரம் வெட்டினார்கள். ஒவ்வொரு நாட்டாரும் குன்றின் அருகே தனித்தனியே குடியிருப்புப் போட்டுக்கொண்டார்கள். சாப்பாடு அவரவர் ஊரிலிருந்து வந்தது. கொஞ்ச காலம் வேலை செய்தபின் அந்தக் கூட்டம் வீட்டுக்குத் திரும்பும். வேறு கூட்டம் வரும். இதற்கு 'மிதா' என்று பெயர். 'முறை' என்று அர்த்தம். காசுக்குப் பதில் உழைப்பாகக் கட்டும் வரி.

100 டன் என்றால் ஒரு லட்சம் கிலோ. 2 ஆயிரம் பேர் வடம் பிடித்தால், ஆளுக்கு 50 கிலோ பங்கு. சியெசா சொல்லும் 6 ஆயிரம் பேரில் மூன்றில் ஒரு பங்கு ஆள் போதும். பெரிய சுண்ணாம்புப் பாறைகள் கோட்டையின் அக்கம்பக்கத்திலேயே கிடைத்தவை. உயர்ந்த ரகக் கருங்கல் மட்டும் ரூமிகோல்கா என்ற இடத்திலிருந்து 20 மைலுக்கு மேல் வந்தது. கணக்கில் ராட்சசனுக்கு வேலை இல்லை.

இரும்பு உளி இல்லாமல் செதுக்கியது எப்படி? அமெரிக்காவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலைப் பேராசிரியர் ழான் பியேர் புரோட்சன் 1980-களில் இதைத் தாமே செய்து பார்த்தார். பழைய கற்சுரங்கங்களில் உருண்டைக் கற்கள் கிடந்தன. ஆற்றில் கிடைக்கும் கெட்டியான கூழாங்கற்கள் அவை. சுரங்கத்துக் கல்லோடு சேராத வேற்றுக் கற்கள். யாரோ கொண்டுவந்து போட்டவை. அவைதான் சுத்தியல் என்று அவர் கண்டுகொண்டார்.

அப்படிப்பட்ட ஒரு கல்லைக் கையில் எடுத்தார். எடை 4 கிலோ. இன்னொரு கல்லை அதனால் கொத்த ஆரம்பித்தார். சுத்தியலை ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. விழ விட்டால் தானே கொத்திவிட்டு எழும்புகிறது. ஓரங்களுக்கு மட்டும் சிறிய கல். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பக்கங்களைச் சமப்படுத்திவிட்டார்! கல்லில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் விழுந்தன. அதே புள்ளிகள் இன்கா சுவர்களிலும் இருக்கின்றன. நடுவில் பெரிய புள்ளிகள், ஓரத்தில் சிறிய புள்ளிகள். இவ்வளவுக்கும் அவர் கல்தச்சர் அல்ல. புத்தகமும் பேனாவுமாக இருந்தவர். பரம்பரைத் தச்சன் என்ன செய்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

100 டன் கல்லை எப்படித் தூக்கிப் பொருத்தினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. மண் மேடு போட்டா, நெம்புகோல் வைத்தா, எத்தனை முறை இறக்கி ஏற்றிப் பார்த்தா என்றெல்லாம் பேசுகிறார்கள். வாதம் மனிதன் எப்படிச் செய்தான் என்பது பற்றித்தான்.

களைத்துப் போன கல்

இதைச் சொல்லும்போது இன்கா ராஜாக்களை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் கூடாது.

கோட்டையைத் தொடங்கியவர் பச்சகூட்டி என்ற சக்ரவர்த்தி என்பார்கள். 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டவர். அவர் மகன் தூப்பாக் இன்கா காலத்திலும் வேலை நடந்தது. "பச்சகூட்டி கட்டினார்" என்று எழுதிவிடுவது சுலபம். பச்சகூட்டி ஒரு கல்லையாவது கொத்தியிருப்பாரா? பறக்கும் தட்டுக்காரர்கள் பெயரை முழுதாகத் திருடுகிறார்கள் என்றால், ராஜா பெயரை மட்டும் சொல்பவர்கள் பாதி திருடுகிறார்கள்!

வடம் இழுத்தவர்கள் எல்லோரும் விரும்பி வந்தவர்கள் அல்ல. அவர்களில் பலர் இன்காக்கள் போரில் ஜெயித்த நாடுகளின் குடிகள். காஞாரி என்ற ஜனங்கள், இன்கா மேல் இருந்த ஆத்திரத்தில் ஸ்பானியர் பக்கமே சேர்ந்து போரிட்டார்கள்.

கார்சிலாசோ ஒரு கதை சொல்கிறார். அந்த நாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை. ஒரு மாபெரும் கல்லை 20 ஆயிரம் பேர் இழுத்து வந்தார்களாம். பாதிப் பேர் முன்னால் இழுக்க, பாதிப் பேர் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சரிவில் பின்பிடி தளர்ந்தது. கல் உருண்டது. 3 ஆயிரம், 4 ஆயிரம் பேர் அதன் கீழே நசுங்கிப் போனார்கள். கல் கோட்டைக்குப் போய்ச் சேரவே இல்லை. வழியிலேயே நின்றுவிட்டது. களைத்துப் போய் ரத்தக் கண்ணீர் விட்டதாம் அந்தக் கல். 'களைத்த கல்' என்றே அதற்குப் பெயர்.

கல் அழுததாகக் கதை சொன்னவர்கள் யாராக இருக்கும்? ராஜாவா? வடம் இழுத்தவனின் மகனும் பேரனும்தான். எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணிக்கையை விட்டுத்தள்ளலாம். பாதி வழியில் விட்ட கற்கள் நிஜமாகவே இருக்கின்றன. குஸ்கோவிலிருந்து வடமேற்கே ஒல்லாந்தாய்தாம்போ என்ற ஊர். அங்கே கற்சுரங்கத்துக்கும் கோட்டைக்கும் நடுவில் பெரிய பெரிய கற்கள் இழுத்த இடத்திலேயே கிடக்கின்றன. அவற்றையும் 'களைத்த கற்கள்' என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள். பறக்கும் தட்டில் வந்தவர்கள் பாதி வழியில் களைத்துப் போவார்களா?

புல்லில் முறுக்கிய பாலம்

வடம் பிடித்து இழுத்தது கட்டுக்கதை என்று இன்னும் எவருக்காவது சந்தேகம் இருந்தால், ஜூன் மாதத்தில் கெஸ்வாசாக்கா என்ற இடத்துக்குப் போக வேண்டும். அதுவும் குஸ்கோ பிரதேசத்தில்தான் இருக்கிறது. அபூரிமாக் ஆற்றின் மேலே ஒரு தொங்கு பாலம். நீளம் 90 அடிக்கு மேல். கம்பி இல்லை, ஆணி இல்லை. முழுவதும் புல்!

ஒவ்வோர் ஆண்டும் பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதுப் பாலம் கட்டுகிறார்கள். நான்கு கிராமத்தார் சேர்ந்து செய்யும் வேலை. வீட்டுக்கு வீடு புல் அறுத்துக் கயிறு திரித்துக் கொண்டுவர வேண்டும். சிறு கயிறுகளை முறுக்கிப் பெருங் கயிறு. பெருங் கயிறுகளைப் பின்னித் தொடை பருமனுக்கு வடம். கரைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம் நின்று இழுத்துக் கட்டுகிறார்கள். கூலி கிடையாது, முறை வேலை. கடைசி நாளில் விருந்தும் ஆட்டமும் உண்டு. 2013-ல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் கலைச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

கோட்டையைப் பார்த்து வாய் பிளக்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவராவது இந்தப் பாலத்தைப் பற்றிக் கேட்டறிந்து போகிறார்களா என்பது சந்தேகமே. இரண்டும் ஒரே ஜனங்களின் கைவேலை.

வழிகாட்டிக்கு ஒரு வார்த்தை

வழிகாட்டிகள் மேல் மட்டும் பழி போடுவதும் சரியல்ல. அவர்களுக்குப் பிழைப்பு. மர்மம் சொன்னால் கூட்டம் சேர்கிறது. கல்லால் கல்லைக் கொத்தினார்கள் என்று சொன்னால், "அவ்வளவுதானா?" என்று பயணி முகம் சுளிக்கிறார். காசு கொடுக்கிறவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதுதான் அவருக்குக் கிடைக்கிறது.

ஆனால் மர்மத்தைவிட உண்மை ருசியாகச் சொல்லக்கூடியது. ஒரு கூழாங்கல்லையும், கொத்துவதற்கு ஒரு துண்டுக் கல்லையும் சுவர் அருகே வைத்துப் பயணியின் கையில் கொடுத்துப் பார்க்கட்டும். பத்து நிமிஷம் கொத்தினால் தோள் வலிக்கும். கல்லில் புள்ளி விழும். பிறகு சுவரில் உள்ள புள்ளியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். வடம் ஒன்றைப் போட்டு, வந்தவர்களையே ஒரு டன் கல்லை இழுக்கச் சொல்லலாம். குழந்தைகள் குதித்துக்கொண்டு முன்னால் ஓடிவரும்! அறிவிப்புப் பலகையில் ராஜா பெயருக்கு முன்னால், 4 ஆயிரம் பேர் உடைத்தார்கள், 6 ஆயிரம் பேர் இழுத்தார்கள் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பிள்ளைகளோடு போகிற குடும்பங்கள் இன்னொன்றும் செய்யலாம். சுவருக்கு எதிரே, மைதானத்துக்கு அப்பால், ஒரு பாறை மேடு இருக்கிறது. இயற்கையாகவே வழுவழுப்பாக, சறுக்குமரம் போல வரி வரியாகப் பள்ளம் விழுந்த பாறை. உள்ளூர்ப் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடுவார்கள். அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் மூன்று அடுக்குச் சுவரும் முழுவதுமாகத் தெரியும். நகரத்துக் காட்சியைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். இறங்கிப் போனதும் மாதா கோயில் சுவரின் அடிக்கற்களை ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். சுவரின் தலையில் இல்லாமல் போன கற்களை அங்கே தேடலாம்.

ஜூன் 24-ந் தேதி போகிறவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம். அன்று கோட்டை மைதானத்தில் சூரியத் திருநாள் நாடகம். ஸ்பானியர் தடுத்து நிறுத்திய திருநாளை, 1944-ல் குஸ்கோக்காரர்கள் நாடகமாக மீண்டும் தொடங்கினார்கள். ராஜா வேஷம் போட்டவர் பல்லக்கில் வருவார். பேச்செல்லாம் கெச்சுவா மொழி. வசதியுள்ளவர்கள் டிக்கெட் வாங்கி நாற்காலியில் உட்காருவார்கள். உள்ளூர் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு, சோற்று மூட்டையோடு, சுற்றியுள்ள மேடுகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

கெச்சுவா செத்த மொழி அல்ல. 1975-ல் பெரு அரசாங்கம் அதை ஆட்சி மொழிகளில் ஒன்றாக்கியது. 2017-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில், 37 லட்சம் பேருக்கு மேல் அதுதான் தாய்மொழி என்று சொன்னார்கள்.

மூட்டையோடு மலையேறிய அந்தக் கிழவி பேசுவதும் அதைத்தான். வேற்று உலகத்தார் கட்டினார்கள் என்று ஒருவர் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பத்தடி தூரத்தில் சுவர் நிழலில் தொப்பிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். அவளிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வாள். கல்லுக்கு அவள் மொழியில் 'ரூமி' என்று பெயர். கயிற்றுக்கு 'வாஸ்கா'.